கடனும் கண்ணியமும்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒருவர் ஆற்றவேண்டிய கடமையும் கடன். ஒருவர் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமும் கடன். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதை நேர்மையின் ஒரு பகுதியாகவே கருதினர். அந்த நேர்மை இன்றும் நம் குடும்பங்களில் மாய்ந்துவிடவில்லை. கடன்பட்டவர்களுள் பெரும்பாலோர் ஏமாற்ற நினைப்பவர் அல்லர். கொடுக்க மனமிருந்தும் வழி தெரியாது திகைப்பவர்களே ஆவர். அத்தகையோரைப் பற்றியும், அவர்தம் வாயிற்படியில் வந்து நிற்கும் வசூல்காரர்களைப் பற்றியும் சில எண்ணங்களைக் குடும்பத்தினரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பங்குப் பணி ஆற்றுபவனுக்குக் கடனின் வரலாறு புத்தகத்தில் படித்து அறியவேண்டிய ஒன்றன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து படகையும் வலையையும் அள்ளிச் சென்றது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாகப் பலன் தந்த மரம் ஓர் இரவில் விழுந்தால், அடுத்த கன்று காய்ப்பதற்குள் அக்குடும்பம் எதைக்கொண்டு உண்பது? 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் வெள்ளம் வந்தது. பின்னர்க் கொரோனாத் தொற்று வந்தது. ஒவ்வோர் இடரும் வடிந்த பின்னர், வடியாமல் வீட்டில் தங்கியது கடன் ஒன்றே.

முன்பு அந்தக் கடனுக்கு முகம் இருந்தது. மிதிவண்டியில் வந்து நாள்தோறும் வாங்கிச் செல்லும் தண்டல்காரரை ஊர் அறியும். சிதம்பரம் தேரோடும் வீதிகளில் அடகுக்கடை வைத்திருப்பவரை மூன்று தலைமுறையாக அறிவோம். இன்று கடன் ஒரு சிறிய அட்டையின் வடிவில் சட்டைப் பையில் இருக்கிறது. அமெரிக்க நாட்டில் 1958-ஆம் ஆண்டு, ஒரு வங்கி பிரெஸ்னோ என்னும் நகரத்தில் ஏறத்தாழ 60,000 அட்டைகளைக் கேளாமலேயே அஞ்சலில் அனுப்பிவைத்தது. இன்றைய கடன் அட்டை பரவிய கதை அங்கே தொடங்குகிறது. நம் நாட்டில் புழங்கும் அட்டைகளின் எண்ணிக்கை 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது. அவற்றுள் சில நம் பங்கு மக்களின் வீடுகளிலும் உள்ளன என்பதில் வியப்பென்ன?

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து ஆறே முக்கால் மணியளவில் பங்கு இல்லத்தின் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் பெயர் சொல்லவில்லை. "உங்க கோயில் ஆளு ஒருத்தரு கார்டுல பணம் எடுத்துட்டு ஓடி ஒளியிறாரு ஃபாதர். உங்க நம்பரத்தான் குடுத்திருக்காரு. அவருக்குப் பதிலா நீங்க கட்டுறீங்களா, இல்ல ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்து மைக்குல நாங்க சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவர் குறிப்பிட்டவர், கடலூர் சிப்காட்டில் ஒரு தனியார் தொழிற்சாலையில் மாதம் 28,000 ரூபாய் ஊதியம் பெறும் குடும்பத் தலைவர். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர்; சில வாரங்களாக அவரைக் காணவில்லை என்பதை நானும் கவனித்திருந்தேன்.

அன்று மாலையே அவர் இல்லம் சென்றேன். பகலிலேயே கதவு தாழிட்டிருந்தது. குரல் கொடுத்த பின்னரே திறந்தார்கள். மகனின் பொறியியற் கல்லூரிக் கட்டணம், புதுச்சேரி மருத்துவமனையில் தாயாருக்குச் செய்த சிகிச்சை ஆகிய இரண்டுமே தொடக்கம். ஊதாரிச் செலவு ஒன்றுமில்லை. முதல் அட்டையின் பாக்கியைக் கட்ட இரண்டாம் அட்டையில் ரொக்கம் எடுத்தார். இரண்டாவதைக் கட்ட மூன்றாவதை வாங்கினார். மூன்றிலும் சேர்த்து 3,80,000 ரூபாய் நின்றது. வசூல்காரர் இருவர் விளக்கு வைக்கும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து, தெரு கேட்கும்படி பேசிவிட்டுப் போவர். மனைவியின் அண்ணனுக்கும், தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கும் தொலைபேசியில் செய்தி போயிருந்தது.

அவர் தலைநிமிராமல் சொன்னார்: "நான் ஒருத்தன் இல்லன்னா இதெல்லாம் முடிஞ்சிடும் சாமி." அடுப்படியில் நின்ற மனைவி அதைக் கேட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

அன்பர்களே, இத்தகைய சொல்லைக் கேட்டால் அதை வெறும் விரக்தி என்று ஒதுக்கிவிடலாகாது. 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தில் கணவனும் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் உயிரிழந்ததைத் தமிழகம் மறந்துவிடவில்லை. ஆகவே அன்றிரவு கடன் கணக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் அண்ணனை வரவழைத்து உடன் தங்கச் செய்தோம். மறுநாள் கடலூர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அரசின் 104 என்னும் எண்ணில் எந்நேரமும் பேச ஆள் உண்டு என்பதை மனைவியிடமும் மகனிடமும் எழுதிக் கொடுத்தேன்; இன்று டெலிமானஸ் எனப்படும் 14416 என்னும் எண்ணிலும் எந்நேரமும் பேசலாம். "தம்பி, மூணு லட்சத்து எண்பதாயிரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உங்களுக்குக் கணக்கு கிடையாது. முதல்ல சாப்பிடுங்க, தூங்குங்க. சனிக்கிழமை காகிதம் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லித் திரும்பினேன்.

சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். காகிதங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது, அவர்களை வீழ்த்தியது எது என்பது புலனாயிற்று. 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் அச்சிடப்படும் அந்த ஒரு வரிதான். பல அட்டைகளுக்கு மாதம் 3 முதல் 3.75 விழுக்காடு வரை வட்டி; அதாவது ஆண்டுக்கு 36 முதல் 45 விழுக்காடு. அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. ஓர் இலட்சம் ரூபாய் பாக்கி, மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். வரி 630 ரூபாய். ஆக 4,130 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று 5,000 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது 870 ரூபாய் மட்டுமே! மாதந்தோறும் தவறாமல் 5,000 ரூபாய் கட்டிவந்தாலும் கடன் தீர 43 மாதங்களுக்கு மேலாகும். மொத்தம் கொடுப்பது ஏறத்தாழ 2,16,000 ரூபாய். அதே கடனுக்கு மாதம் 10,000 ரூபாய் கட்டினால் பதினான்காம் மாதத்தில் முடிந்துவிடும். கொடுப்பது ஏறத்தாழ 1,32,000 ரூபாய்.

இன்னும் இரண்டு செய்திகளைப் பலர் அறியார். பாக்கி ஒரு பகுதி நின்றுவிட்டால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. அட்டையில் ரொக்கம் எடுத்தாலோ எடுத்த அன்றே வட்டி தொடங்குகிறது; தனிக் கட்டணமும் உண்டு. நம் நண்பர் ஓர் அட்டையைக் கொண்டு மற்றோர் அட்டையை அடைத்தபோது, ஒரு பள்ளத்தை மூட அதனினும் ஆழமான பள்ளத்தைத் தோண்டியவராயினார். இந்த வட்டிக்கு வரம்பு உண்டா என்று கேட்கலாம். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-இல் நீக்கிவிட்டது. எனவே வட்டியைக் குறைக்கச் சட்டம் வரும் என்று காத்திருப்பதைவிட, வட்டி ஏறும் பணத்தை விரைவாகக் குறைப்பதே அறிவுடைமை.

அடுத்து, வசூல்காரர்களின் மிரட்டலுக்கு வருவோம். "போலீஸ் வரும், வாரண்ட் வரும், ஜெயிலுக்குப் போவாய்" என்பதே அவர்களின் முதல் ஆயுதம். கடன் அட்டைப் பாக்கி உரிமையியல் வழக்குக்கு உரியது. கட்ட இயலாமை குற்றமன்று. கொடுக்க வழியில்லாத நேர்மையான கடனாளியை வறுமையின் பொருட்டுச் சிறையிலிடுதல் தகாது என்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் 1980-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பெழுதினார். அடியாட்களை ஏவி வங்கிகள் கடன் வசூலிக்கலாகாது என்று அதே நீதிமன்றம் 2007-இல் கண்டித்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-இல் வெளியிட்ட சுற்றறிக்கை இன்னும் தெளிவானது: காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைத்தல் கூடாது, பிறர் முன் அவமானப்படுத்தல் கூடாது, குடும்பத்தினர், நண்பர்கள், பரிந்துரைத்தவர்கள் ஆகியோரின் அமைதியைக் குலைத்தல் கூடாது. ஆறே முக்கால் மணிக்குப் பங்கு இல்லத்துக்கு வந்த அழைப்பு இவற்றுள் எத்தனை விதிகளை மீறியது என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

நம் மாநிலத்திலும் சட்டங்கள் உண்டு. நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டில் வந்தது. கடன் தருவோர் வல்லந்தமாக வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் 2025-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மற்றொன்றையும் நம் தாய்மார்கள் அறிந்துகொள்ளுதல் நலம். வழக்கு நடந்து தீர்ப்பே வந்தாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி ஆகியவற்றை ஜப்தி செய்ய இயலாது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத அணியும் அவ்வாறே காக்கப்பட்டுள்ளது. "தாலியை வித்தாவது கட்டு" என்று தெருவில் நின்று கத்துபவருக்கு நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் எங்கிருந்து வந்தது?

இவ்விடத்தில் விவிலியம் எனக்கு நினைவுக்கு வருகிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்கக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையலாகாது, வெளியே நிற்கவேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை. ஏழையின் மாவரைக்கும் கல்லை அடகாக வாங்குதலையும் அதே அதிகாரம் தடுக்கிறது. கடன் உண்மையே, ஆனால் கடன்பட்டவனின் வாயிற்படிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதே அதன் உட்பொருள். பிற்காலத்தில், கடும் வட்டியில் நசுங்கிய ஏழைகளுக்காக இத்தாலி நாட்டின் பெரூஜியா நகரில் 1462-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கன் துறவியர் முயற்சியால் குறைந்த வட்டி அடகு நிலையம் தோன்றியது. நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் திருவள்ளூர் அருகே திரூரில் எழுந்த கூட்டுறவுக் கடன் சங்கமும் அந்த நோக்கம் கொண்டதே. நல்லோர் எக்காலத்தும் கடனை ஒழிக்க முயன்றாரில்லை. அதை மனிதர் தாங்கக்கூடியதாக்கவே முயன்றனர்.

நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மூன்று அட்டைகளையும் கத்தரியால் வெட்டினோம். இரண்டாவதாக, ஒவ்வொரு வங்கியின் குறைதீர் அலுவலருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினோம். "பணம் தரவேண்டியது உண்மை, தர விரும்புகிறேன், என் வருமானம் இவ்வளவு, தவணையாக மாற்றித் தருக, என்னைத் தவிர வேறெவரையும் அழைக்கலாகாது, எது சொல்வதாயினும் எழுத்தில் சொல்க" என்பதே கடிதத்தின் சாரம். அழைப்புகள் வந்த நாள், நேரம், எண் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மகன் குறித்துவைத்தான். அதன் நகலையும் இணைத்தோம். முப்பது நாளில் தக்க மறுமொழி வாராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்; அதற்குக் கட்டணமில்லை. நல்வேளையாக அதற்குத் தேவை ஏற்படவில்லை. நான்காம் வாரத்தில் பெரிய தொகைக்குரிய வங்கி பதில் எழுதியது, அழைப்புகளும் நின்றன.

மூன்றாவது முடிவை எடுத்தவர் அவர் மனைவி. "பீரோவுல தூங்குற நகைக்கு நாம காவல் இருக்கோம், நம்ம தூக்கம் போச்சு. அத வச்சி முதல்ல ரெண்டு கார்டை முடிச்சிடலாம் சாமி" என்றார். தாலி நீங்கலாக இருந்த எட்டுப் பவுன் நகையைக் கூட்டுறவு வங்கியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டு வட்டிக்கு அடகு வைத்து 2,00,000 ரூபாய் பெற்றனர். 1,20,000 ரூபாய் நின்ற அட்டையும் 80,000 ரூபாய் நின்ற அட்டையும் ஒரே வாரத்தில் முடிந்தன. எஞ்சிய 1,80,000 ரூபாயை ஆண்டுக்குப் பதினெட்டு விழுக்காட்டு வட்டியில் இருபத்து நான்கு தவணையாக வங்கி மாற்றித் தந்தது. மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். முன்பு மூன்று அட்டைகளுக்கும் குறைந்தபட்சத் தொகையே பத்தொன்பதாயிரம் கேட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த மாற்றத்தின் அருமை விளங்கும்.

அந்த இரண்டு ஆண்டுகள் எளிதாக இருந்தன என்று நான் எழுதமாட்டேன். மனைவி தையல் வேலையை இரவு பதினொரு மணி வரை நீட்டித்தார். இரண்டு கிறிஸ்து பிறப்பு விழாக்களில் அவ்வீட்டில் புதுத் துணி இல்லை. தங்கை மகளின் திருமணத்துக்கு மொய் எழுத இயலாதென்று முன்கூட்டியே சொல்லிவிட்டே சென்றனர். அதற்காகச் சில உறவினர் முகம் திருப்பிக்கொண்டனர். ஆயினும் 2024 அக்டோபரில் கடைசித் தவணை கட்டப்பட்டது. மகனும் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்தான். இருவர் வருமானத்தையும் கொண்டு 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நகை வீடு திரும்பியது.

இடையே ஒரு நாள், தெருவில் கத்திய வசூல்காரருள் ஒருவரைச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் சந்திக்க நேர்ந்தது. அவரே வந்து வணங்கினார். விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளை, பட்டதாரி. தேநீர் அருந்தியபடியே, "எனக்குச் சம்பளம்னு ஒண்ணும் பெருசா கிடையாது ஃபாதர். வசூலானாத்தான் கமிஷன். மாசக் கடைசியில டார்கெட் முடிக்கலன்னா என்னைத் திட்டுற திட்டு, நான் அவங்களத் திட்டுனதவிடக் கேவலமா இருக்கும்" என்றார். அவர் வீட்டிலும் தவணை பாக்கி உண்டாம். அவர் செய்தது தவறே. அதை அவரிடமே சொன்னேன். ஆனால் ஏழையை அச்சுறுத்த ஏழையையே அனுப்பிவிட்டு, குளிர்ந்த அறையில் அமர்ந்திருப்பவரின் பொறுப்பு அவருடையதைவிடப் பெரிது. நம் பிள்ளைகள் பலர் இத்தகைய வேலைகளில் உள்ளனர். அவர்களின் பெற்றோர் இதைப் படிப்பார்களானால், "இன்றைக்கு எவ்வளவு வசூல்?" என்று கேட்பதோடு, "எப்படி வசூலித்தாய்?" என்றும் ஒருமுறை கேட்பது நலம்.

கடன் சுமையில் உள்ள குடும்பத்தினருக்கு இன்னும் சில எச்சரிக்கைகள். வசூலுக்கு வருபவரிடம் வங்கி தந்த அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கேளுங்கள். அவர் கையில் ரொக்கம் கொடாமல் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். கையெழுத்திட்ட காசோலை எதையும் அச்சத்தில் கொடுத்துவிடாதீர்கள். பணமின்றித் திரும்பிய காசோலை குற்றவியல் வழக்காகும் தன்மையது. பாதித் தொகையில் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். வேறு வழியே இல்லாதார்க்கு அதுவும் ஒரு வழிதான். ஆனால் அது சிபில் பதிவேட்டில் முழுதும் கட்டி முடித்ததாக எழுதப்படாது. பின்னர் வீட்டுக் கடனோ கல்விக் கடனோ கேட்கும்போது குறுக்கே நிற்கும். எழுத்தில் உறுதி பெறாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கட்டி முடித்ததும் பாக்கியில்லை என்னும் சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வழக்கென்று வந்தால் கடலூரிலும் சிதம்பரத்திலும் நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் அமைப்பு உண்டு. பெண்களுக்கும், பட்டியல் இனத்தாருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்னும் எண்ணிலும் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடனை மறைக்காதீர்கள். கணவர் மனைவியிடம் மறைக்கிறார்; மனைவி சுயஉதவிக் குழுக் கடனைக் கணவரிடம் மறைக்கிறார்; இருவரும் பிள்ளைகளிடம் மறைக்கின்றனர். மறைத்த கடன் வட்டியோடு அச்சத்தையும் சேர்த்து வளர்கிறது. மாதத்தில் ஒரு மாலை, சாப்பாட்டுக்குப் பின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வரவையும் செலவையும் கடனையும் ஒரு தாளில் எழுதி அனைவரும் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டில் பகலிலும் கதவு தாழிட்டிருந்தால், "என்னவாம்?" என்று தெருவில் நின்று பேசாமல், உள்ளே சென்று, "சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். கடன்பட்டவருக்குப் பணம் கொடுத்துதவ எல்லாராலும் இயலாது. ஆனால் அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கவும், வங்கிக்கு உடன் செல்லவும், ஒரு கடிதம் எழுதித் தரவும் நம்முள் எத்தனையோ பேரால் இயலும். ஆசிரியர்களும், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களும், வழக்கறிஞர்களும் இல்லாத பங்கு எது? அந்த உதவியும் ஒரு கடனே. நாம் அனைவரும் ஒருவருக்கொருவர் ஆற்றவேண்டிய கடன்.